அந்தத் தூணுக்குக் கம்பி கட்டியவர்கள்

புழல் சிறைக்கு மனு பார்க்கப் போன ஒரு நாள். எங்கள் காலனிப் பையன் ஒருவன் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தான். அவனுடைய அம்மாவுக்குத் துணையாக நாங்கள் நாலு பேர். பெரியப்பாவும் கிளம்பி வந்துவிட்டார். பெயரைக் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். நின்றுகொண்டிருந்தபோது பெரியப்பா எட்டி ஒரு கட்டடத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அதோ தெரியுதே, அந்தத் தூணுக்குக் கம்பி கட்டுனது நாங்கதான்டா."

எங்கள் காலனி செங்குன்றம் பக்கம். அரிசி ஆலைகளில் நெல் அவித்தும் காயவைத்தும் வளர்ந்த தலைமுறை எங்களுடைய அப்பன், ஆத்தாள். 2000-க்குப் பிறகு புழலில் பெரிய வேலை வருகிறது என்று மேஸ்திரிகள் ஆள் கூப்பிட வந்தார்கள். ஆலையைவிடக் கூலி கூடுதல், சனிக்கிழமை தவறாமல் பட்டுவாடா. ஆண்கள் கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் போனார்கள். பெண்கள் சித்தாளாகப் போய்ப் பாண்டில் கலவை சுமந்தார்கள். கான்கிரீட் போடும் நாளில் இரவு பத்து மணியானாலும் வீடு திரும்ப முடியாது. என்ன கட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெயில் கட்டுகிறார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, வேலைதானே என்றுதான் இருந்தார்கள். "ஒரு நாள் நம்ம புள்ளையப் பாக்க இங்க வருவோம்னு அன்னிக்கு யாரு நெனச்சா" என்று அந்த அம்மா சொன்னபோது பெரியப்பா பதில் பேசவில்லை.

சிறையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சட்டத்தில் தொடங்குவதுதான் வழக்கம். நாங்கள் கட்டடத்தில் தொடங்குகிறோம், ஏனென்றால் எங்களுக்கு அது முதலில் கட்டடமாகத்தான் அறிமுகமானது.

புழலுக்கு முன்னால் சென்னையின் மத்திய சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1837-இல் கட்டியது. சுபாஷ் சந்திர போஸும் இருந்திருக்கிறார், பிற்காலத்தில் முதலமைச்சரானவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயரெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. அதே வளாகத்தில் நூற்று அறுபது ஆண்டுக்கு மேல் மலம் அள்ளியவர்களின் பெயர் எதிலும் இல்லை. 2006 கடைசியில் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-இல் இடிப்பதற்கு முன் சில நாட்கள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். நாங்கள் அப்போது ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். பொருட்காட்சிக்குப் போகிற மாதிரி கூட்டம். குடும்பத்தோடு வந்து கொட்டடியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் எடுத்தோம், பொய் சொல்வானேன். எங்களில் ஒருவன் ஒரு கொட்டடிக்குள் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஹாஸ்டல் ரூமைவிடப் பரவால்லடா" என்றான். சிரித்தோம். அதில் பாதி உண்மை இருந்தது.

இடித்த நிலம் மருத்துவக் கல்லூரிக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்கும் போனது. அது நல்ல காரியம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நகரத்தின் நடுவில் இருந்த சிறை நகரத்தின் விளிம்புக்குப் போனது. 212 ஏக்கர், 77 கோடி ரூபாய்ச் செலவு, 3,000 பேருக்கு இடம். தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனிச்சிறை. காற்றோட்டம், மாடிக் கட்டடம், கழிவறை, மருத்துவமனை என்று பழையதோடு ஒப்பிட்டால் எல்லாவற்றிலும் மேல். அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. பழைய சிறையின் நாற்றத்தைப் பார்த்தவர்கள் யாரும் அது அப்படியே இருந்திருக்கலாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் விளிம்புக்குப் போனால் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. காசிமேட்டிலிருந்து கண்ணகி நகருக்குத் துரத்தப்பட்ட குடும்பம் ஒன்று புழலுக்கு வந்து மனு பார்த்துத் திரும்ப எத்தனை பஸ் மாற வேண்டும் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். சேரியையும் சிறையையும் நகரம் ஒரே மாதிரிதான் இடம் மாற்றுகிறது. இத்தனைக்கும் அந்தச் சிறையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் காவாங்கரையில் ஈழத்து அகதிகளின் முகாமும் இருக்கிறது. எதை எதையெல்லாம் ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதில் திட்டம் போடுகிறவர்களுக்குக் குழப்பமே வருவதில்லை.

நவீன சிறை என்ற எண்ணமே இங்கே எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் படித்தோம். இங்கிலாந்தில் ஜெரமி பெந்தம் 1791-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். வட்டமான கட்டடம், நடுவில் கோபுரம், கோபுரத்தில் இருப்பவர் எல்லோரையும் பார்க்கலாம், அவரை யாரும் பார்க்க முடியாது. இன்றைக்கு கேமரா செய்கிற வேலை அது. இந்தியாவில் மெக்காலே இருந்த சிறை ஒழுங்குக் குழு 1838-இல் அறிக்கை கொடுத்தது. கைதிகளைச் சாலை போட வெளியே அனுப்பாமல், பெரிய மத்திய சிறைகள் கட்டி, சுவருக்குள்ளேயே அடைத்து வேலை வாங்க வேண்டும் என்றது. அந்த வழியில் 1846-இல் ஆக்ராவில் மத்திய சிறை வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற ஊர்களில்.

இந்த இடத்தில்தான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மத்திய சிறை என்றால் பொதுச் சமையல். அதுவரை கைதிக்குப் படிக்காசு கொடுப்பார்கள், அவனவன் சாதிப்படி சமைத்துக்கொள்வான். அதை நிறுத்தி எல்லோருக்கும் ஒரே அடுப்பு என்றதும் பீகார்ச் சிறைகளில் கலவரம். 1855-இல் ஆராவிலும் முசாஃபர்பூரிலும் பித்தளைச் செம்பைப் பிடுங்கிக்கொண்டு மண்பாண்டம் கொடுத்தார்கள். மண் பாத்திரம் ஒருமுறை தீட்டுப்பட்டால் கழுவித் தீட்டைப் போக்க முடியாது, யார் கை பட்டதோ என்று மேல்சாதிக் கைதிகள் கொதித்தார்கள், வெளியே ஊரும் திரண்டது. அரசு பின்வாங்கிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தது. கழுமரத்துக்கும் பீரங்கிக்கும் அஞ்சாத கும்பெனி ஒரு செம்புக்கு அஞ்சியது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட சிறைக் கையேடுகள் புத்தி கற்றுக்கொண்டுவிட்டன. சமையலுக்குத் தகுந்த சாதி, துப்புரவுக்குத் தகுந்த சாதி என்று விதியாகவே எழுதி வைத்தார்கள். சுவர், கோபுரம், பூட்டு எல்லாம் லண்டனிலிருந்து வந்தது. அடுப்பும் கக்கூசும் அக்ரகாரத்து முறைப்படி நடந்தன.

வெள்ளைக்காரன் எழுதியது, பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். ராஜஸ்தானில் பிராமணரோ போதிய அளவு உயர்ந்த சாதி இந்துவோ சமையலுக்குத் தகுதியானவர் என்ற விதி அண்மைக்காலம் வரை இருந்தது. மேற்கு வங்கத்தில் துப்புரவாளரை எந்தெந்தச் சாதியிலிருந்து எடுக்கலாம் என்று பெயர் போட்டே எழுதியிருந்தது. உத்தரப் பிரதேசத்தில், வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவான வேலை செய்யச் சொல்லக் கூடாது, அந்த வேலைக்குப் பழகிய சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலொழிய என்று விதி. இழிவு என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள், அதுதான் விஷயம். தமிழ்நாட்டுக்காரர்களான நாங்கள் இதைப் படித்துவிட்டு வடக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால், பாளையங்கோட்டை நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகு வருகிறோம். முதலில் தம்பியின் கதை.

தம்பி எங்கள் தெருக்காரன். சென்ட்ரிங் வேலை. வேலைக்குப் போன வெளியூரில், கட்டட வேலையிடத்தில் செம்புக் கம்பி காணாமல் போனதற்குச் சந்தேகத்தில் பிடித்தார்கள். 41 நாள் ஒரு மத்திய சிறையில் இருந்தான். எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை, அவன் கேட்டுக்கொண்டான். வழக்கு பிறகு நிற்கவில்லை, விடுதலையாகிவிட்டான். உள்ளே நடந்ததை அவன் எங்களிடம் சொல்ல எட்டு மாதம் ஆனது.

வாசலில் பெயர், அப்பா பெயர், ஊர், அங்க அடையாளம் எழுதினார்கள். பிறகு, "என்ன ஆளுங்க?" அவன் எஸ்.சி. என்றான். "எஸ்.சி.ன்னா, அதுல என்ன?" அதையும் சொன்னான். முதல் சில நாள் புதிதாக வந்தவர்களை வைக்கும் குவாரண்டைன் பிளாக். அங்கிருந்து பிரித்து அனுப்பியபோது அவன் போன பிளாக்கில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள். யாரும் உத்தரவு போடவில்லை. மறுநாள் காலையில் ஒரு பழைய கைதி வந்து, "புதுசா, வா, கக்கூசு கழுவணும்" என்றார். அவரும் நம்மவர்தான். அடுத்த வாரம் சாக்கடை அடைத்துக்கொண்டபோது மூடியைத் திறந்து இறங்கச் சொன்னார்கள். இறங்கினான். கூடவே திருட்டு வழக்கில் வந்த வேறு சாதிப் பையன், இவன் வயதுதான், இவனைப் போலவே விசாரணைக் கைதி. அவனுக்குச் சமையல்கட்டில் காய் நறுக்கும் வேலை. ஒரு பெட்டிஷன் எழுதத் தெரியாத அதிகாரிகூட இந்தப் பங்கீட்டைத் தப்பில்லாமல் செய்துவிடுகிறார்.

தம்பி இதைச் சொல்லும்போது அழவில்லை. நக்கலாகத்தான் சொன்னான்: "சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ்ல மூணு மாசம் அலையவிட்டாங்க. அங்க ஒரு நிமிஷத்துல குடுத்துட்டாங்க."

நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு அவன், "வாடை இன்னும் போகலண்ணா" என்றான். அதற்கு மேல் எங்களால் எதுவும் கேட்க முடியவில்லை.

சிறை நடத்துவது என்பது உண்மையில் ஒதுக்கீடு செய்யும் வேலை. எந்த ஆள் எந்த பிளாக், எந்த வேலை, யாரோடு, எத்தனை மணிக்குப் பூட்டு, எத்தனை மணிக்குத் திறப்பு. சாயங்காலம் ஆறு மணிவாக்கில் எண்ணிப் பூட்டினால் காலையில்தான் திறப்பு. ஆயிரக்கணக்கானவர்களைச் சில நூறு காவலர்கள் சமாளிக்க வேண்டும். அதனால் உள்ளே ஏற்கனவே இருக்கிற அடுக்கு எதுவோ அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது நிர்வாகத்துக்குச் சுலபம். சாதியைவிடத் தயார்நிலையில் இருக்கும் அடுக்கு இந்த நாட்டில் வேறு எது? படிப்பு, சமூக அந்தஸ்து, வாழ்ந்த முறை இவற்றைப் பார்த்து 'ஏ' வகுப்பு கொடுக்கும் விதியும் இதன் இன்னொரு முகம்தான். வெளியே கட்டிலில் படுத்தவனுக்கு உள்ளேயும் கட்டில்.

பாளையங்கோட்டைக்கு வருவோம். அங்குள்ள மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதியில் வைக்கிறார்கள், இதை நிறுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அரசு மறுக்கவில்லை. சாதிமோதலைத் தவிர்க்கத்தான் அப்படி என்றது. நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

இதில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. தென்மாவட்டத்துத் தோழர் ஒருவர், "சென்னையில உக்காந்து பேசறது லேசு தோழர். ஒண்ணா வெச்சா கொன்னுடுவானுங்க. 2021-ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு விசாரணைக் கைதி, தேவேந்திரகுல வேளாளர் இளைஞர், சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். பதில் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒருவர் சொன்னார்: பிரித்து வைக்கும் பழக்கம் பல வருடமாக இருந்த சிறையில்தானே அந்தக் கொலை நடந்தது? அப்படியானால் அது யாரைக் காப்பாற்றியது? கொலை மிரட்டல் உள்ளவரைத் தனியாகப் பாதுகாப்பது வேறு. சாதியைக் கேட்டு பிளாக் பிரிப்பது வேறு. முன்னது ஒரு ஆளின் உயிரைப் பற்றியது. பின்னது உள்ளே வந்த எல்லோரையும் நீ யார் என்று ஞாபகப்படுத்துவது. தோழர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நாங்களும் அவருடைய பயத்தைத் தள்ளிவிட முடியவில்லை.

உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி இந்தக் கேள்விக்கே வந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா சிறைகளில் நிலவும் சாதியைப் பற்றி 2020-இல் எழுதிய கட்டுரையும், பிறகு அவரே தொடுத்த வழக்கும்தான் காரணம். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று நீதிபதிகள். சாதிப்படி வேலை கொடுப்பதும் இடம் பிரிப்பதும் அரசியல் சட்டத்தின் 14, 15, 17, 21, 23 ஆகிய உறுப்புகளுக்கு எதிரானவை என்று அந்த விதிகளை ரத்து செய்தார்கள். பாளையங்கோட்டையைப் பற்றிய உயர் நீதிமன்றத்தின் வாதத்தையும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் பிரித்து வைக்கச் சொன்ன 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற அதே வாதம்தான் இது என்றார்கள். ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதியைத் துணைக்குக் கூப்பிடாதே என்பது சாரம். 17-ஆம் உறுப்பு, தீண்டாமை ஒழிப்பு, சிறைச் சுவருக்குள்ளும் செல்லும் என்று 2024-இல் ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதை இரண்டு முறை படித்தோம்.

'வழக்கமான குற்றவாளி' என்ற சொல்லையும் அந்தத் தீர்ப்பு தொட்டது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் போனாலும், அந்தப் பெயரில் சீர்மரபினரைத் துரத்தும் பழக்கம் போகவில்லை. மலக்குழியில் இறக்குவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்கும் பொருந்தும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தம்பி இறங்கினானே, அது.

கைதிகளின் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்க வேண்டும் என்பதும் உத்தரவு. இதைப் படித்ததும் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை சரியான கேள்வி கேட்டார்: "கட்டத்தை எடுத்துட்டா, உள்ளே நாம எத்தனை பேர் இருக்கோம்னு எப்படித் தெரியும்?" 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. இருந்தவர்களில் 4,34,302 பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். மக்கள் தொகையில் நாம் ஆறில் ஒரு பங்கு, சிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சாதியையும் எண்ணுவதால்தான் கடைசி வரியை எங்களால் எழுத முடிகிறது. எண்ணுவது வேறு, எண்ணியதைக் கையில் வைத்துக்கொண்டு துடைப்பத்தை நீட்டுவது வேறு என்பதுதான் எங்கள் நிலை. முகாமில் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே குழப்புவார்.

தீர்ப்பை நாங்கள் தம்பியிடம் எடுத்துப் போனோம். தமிழில் சுருக்கி, முக்கியமானதை அடிக்கோடிட்டு. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெஜிஸ்டர்ல அடிச்சிருவாங்கண்ணா. வாயால கேக்கறது?" என்றான். ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பன் பெயர், இவற்றில் ஒன்று போதாதா கண்டுபிடிக்க? விதியில் இல்லாத தமிழ்நாட்டில் பழக்கத்தில் இருந்ததுபோலவே, விதி போன பிறகும் பழக்கம் இருக்கும். கட்டடத்தை மாற்றுவதற்கு 77 கோடி என்று கணக்குப் போட முடிந்தது.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து சிறைகளை அவ்வப்போது ஆய்வு செய்து, சாதிப் பாகுபாடு இருக்கிறதா என்று அறிக்கை தர வேண்டும் என்று அதே தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் மாவட்டத்தில் ஆய்வு நடந்ததா, எந்தத் தேதியில், கழிவறை சுத்தம் செய்யும் வேலை யாருக்கு எந்த அடிப்படையில் ஒதுக்கப்படுகிறது, சமையலில் யார், சாக்கடை அடைத்தால் எந்திரம் வருகிறதா ஆள் இறங்குகிறாரா என்று கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு கேள்வியும் தனித்தனி எண்ணில் இருக்கட்டும். ஒரே பத்தியாக எழுதினால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள், எங்களுக்கு அது நடந்திருக்கிறது. மனு பார்க்கப் போகிற குடும்பத்தோடு நீங்களும் போங்கள். உள்ளே இருப்பவரிடம் சாப்பாடு எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் உடனே சொல்லமாட்டார்கள். தம்பிக்கு எட்டு மாதம் ஆனது.

அவன் இருந்த சிறையைப் பற்றிய விண்ணப்பத்தை எங்கள் பெயரில் போடுவதாகத்தான் இருந்தோம். அவனுடைய பெயர் வேண்டாம் என்று அவன் அம்மா கெஞ்சினார். பெரியப்பாதான் வீட்டுக்குப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார், என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. மறுநாள் தம்பி வந்து பேனாவைக் கேட்டான். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். இன்றோடு 19 நாள் ஆகிறது.